குழந்தைகள் ஓட்டத் தகுந்த பாதை

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு ஏறி வந்து, கடைசி வளைவு தாண்டியதும் காரை ஓரங்கட்டி, குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதற்குச் சமமான ரோடு எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சமமான ரோடு வேண்டுமென்றால் கீழேயே இருந்திருக்கலாம். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைப் பக்கம் தவிர எந்தப் பக்கம் போனாலும் உள்ளங்கை மாதிரி ரோடுதான். அதை விட்டுவிட்டு, காரின் முதுகில் நான்கு சைக்கிள்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் வாந்தியெடுத்த பிள்ளைகளோடு மேலே வந்து, மலையில் மலை இல்லாத இடத்தைத் தேடுவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த இடத்தைத் தேடிக் கொடுப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. அதன் பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

நான் இந்த மலைக்காரி. மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, என்னுடையது வளப்பூர் நாடு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. நான் நாமக்கல்லில் தங்கி ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கினேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் எங்களுக்கெல்லாம் சைக்கிள் கொடுத்தது. கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே சைக்கிள். எங்கள் மலையில் சைக்கிள் ஓட்டுவதற்கு இல்லை, தள்ளுவதற்கு. மரவள்ளிக்கிழங்கு மூட்டையைக் குறுக்கே போட்டு, ஒருவர் முன்னால் பிடிக்க ஒருவர் பின்னால் தள்ள வேண்டும். ஏற்றத்தில் அது கழுதை, இறக்கத்தில் சனியன். என்னோடு படித்த பெண்களின் சைக்கிள்கள் பாதி, ஒரே மாதத்தில் பஸ் கூரையேறிக் கீழே விலைக்குப் போய்விட்டன. என்னுடையதை நான் விற்க விடவில்லை. எங்கள் ஊர்க் குழாயடியிலிருந்து தொடக்கப் பள்ளி வரை ஒன்றரை கிலோமீட்டர் ரோடு, அதிசயமாக, மேடு பள்ளம் இல்லாமல் போகும். அதில் ஓட்டிப் பழகினேன். மிளகுக் கொடி ஏறிய சவுக்கு மரம் ஒன்றில் இரண்டு முறை மோதினேன். பெண்பிள்ளை சைக்கிளில் உட்கார்ந்து போவதைப் பார்க்க ஊரே குழாயடிக்கு வந்து நின்றது. நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது, எங்கள் ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு விடுதி கட்டியிருந்தார்கள். பத்து அறை, நடுவில் புல்தரை. ஆங்கிலமும் மலையும் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். அங்கே மேனேஜராக இருந்தவர் கீழ்நாட்டுக்காரர். குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்குச் சைக்கிள் பாதைகள் அமைத்தால் கூட்டம் வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், கையிலிருந்த போனில் மலையின் படத்தைப் பார்த்தே ஆறு பாதைகளைக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்துவிட்டார். மயில் பாதை என்று ஒன்று. அந்தப் பக்கம் நான் மயிலைப் பார்த்ததே இல்லை. ஆறையும் நடந்து பார்த்து விவரம் எழுதிக் கொடு என்று என்னிடம் தந்தார்.

நடந்து பார்த்தேன். முதல் பாதை அருவிக்குப் போகும் படிக்கட்டு. படிக்கட்டையும் அந்தப் படம் கோடாகத்தான் காட்டுகிறது. இரண்டாவது, மழைக்காலத்தில் ஓடையாகவும் மற்ற நாளில் பாறையாகவும் இருப்பது. மயில் பாதையில் லாரிகள் வரும். இன்னொன்று நேராக ஒருவர் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் போய் முடிந்தது. ஐந்தாவது எங்கள் சாமிகாட்டின் வழியாகப் போனது. அந்தக் காட்டில் கால் வைக்கும்போது யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள், சுள்ளி ஒன்றுகூடப் பொறுக்க மாட்டார்கள். இதை மேனேஜரிடம் சொன்னேன்.

"சைக்கிளுக்கு ஏதும்மா செருப்பு?" என்றார். சொல்லிவிட்டு, நான் சிரிப்பதற்காகக் காத்திருந்தார். நான் ஐந்தாவது கோட்டின் மேல் பேனாவால் அடித்தேன்.

குழந்தைகள் ஓட்டுவதற்குப் பாதையில் என்ன இருக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் கவலையெல்லாம் பின்னணியில் மலை தெரிகிறதா, படம் எடுத்தால் நன்றாக வருமா என்பதில்தான். நானே யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். ஏற்றம் பெரிய விஷயமில்லை. ஏற முடியாத குழந்தை இறங்கித் தள்ளும், அல்லது அழும், இரண்டிலும் ஆபத்து இல்லை. இறக்கம்தான் ஆபத்து. ஆறு வயதுப் பிள்ளையின் விரலுக்குப் பிரேக் எட்டுவதில்லை. எட்டினாலும் அழுத்தப் பலம் போதாது. அதனால் நான் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டில் வைத்துக் கையை எடுத்தால் பழம் உருண்டு போகும் இடத்தில் குழந்தையும் உருண்டு போகும். பொடிக்கல் கிடக்கிற வளைவுகளையும் குறித்துக்கொண்டேன், சின்னச் சக்கரம் வழுக்குவது அங்கேதான். களைத்துப்போனால் எங்கே உட்காரலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும், திரும்பி வர மனமில்லாத குழந்தையை எதைக் காட்டித் திருப்பலாம் என்பதையும் எழுதினேன். எழுதியதைப் படித்த பின் ஆறு பாதைகளில் ஒன்றுதான் மிஞ்சியது. குழாயடி முதல் பள்ளிக்கூடம் வரை, என் சொந்த ஒன்றரை கிலோமீட்டர். எலுமிச்சம்பழம் அங்கே வைத்த இடத்தில் நின்றது. பஸ் ஒரு நாளைக்கு இரண்டே முறை, காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும்.

மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆறு கேட்டதற்கு ஒன்று கொடுக்கிறாயே என்றார். ஆனால் வேறு வழியில்லை. ஒரு தகரப் பலகையில் நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயின்ட் அடிக்கச் சொன்னார். "குழந்தைகள் ஓட்டத் தகுந்த பாதை. ஒன்றரை கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் இல்லை. இடைஞ்சல் இல்லை." தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இருபது சைக்கிள்களோடு முதல் சவாரி. அது நல்லபடியாக முடிந்தால் பலகையைக் குழாயடியில் நட்டுவிட்டு, பாதைப் பொறுப்பை எனக்கே நிரந்தரமாகத் தருவதாகவும் சொன்னார். முடியாவிட்டால் நான் மறுபடி மலையிறங்கி, நாமக்கல்லில் ஏதாவது கடையில் பில் போட வேண்டியதுதான். எனக்கு அந்த வேலை வேண்டும். எங்கள் ஊரில் எங்கள் ஊர் ஆள் எழுதிய எழுத்து ரோட்டோரம் நிற்பதும் வேண்டும். படித்துவிட்டு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு திரிகிறாள் என்று என்னைக் கேலி பேசியவர்கள் குழாயடிக்குத்தானே தண்ணீருக்கு வருகிறார்கள்.

சவாரிக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"எத்தன சைக்கிளு?" என்றாள்.

"இருவது."

"ஒருக்கா போயிட்டு அப்பிடியே போயிருமா?"

"இல்ல, மேலயும் கீழயுமா மத்தியானம் வரைக்கும் ஓடும்."

"நெசமாவா சாமி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் போய், இருபது சைக்கிள், மத்தியானம் வரை என்று சொன்னாள். பக்கத்து வீட்டில் போயும் சொன்னாள். மகளின் பெருமையைச் சொல்லிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே விடுதிக்குப் போய்விட்டேன். பெற்றோர்களைப் பற்றி என்ன சொல்வது. புல்தரையில் குழந்தைகளுக்குத் தலைக்கவசம், முழங்காலுக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம் என்று மாட்டி, படையெடுப்புக்கு அனுப்புவதுபோல் அனுப்பினார்கள். நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பெடல் இல்லாத சைக்கிள்கள். காலால் உந்திக்கொண்டே போக வேண்டும். நடந்தால் இதைவிடச் சீக்கிரம் போகலாம். ஒரு அப்பா தன் ஆறு வயது மகன் நகரத்தில் பயிற்சி எடுத்தவன் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை ஆங்கிலத்தில் சொன்னார், எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்பதுபோல. நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். அவன் வயதே உள்ள ஒரு பெண்குழந்தை மட்டும், கீழே விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று என்னிடம் கேட்டது. அந்தக் கூட்டத்தில் நியாயமான கேள்வி அது ஒன்றுதான். நான் தூக்குவேன் என்றேன்.

ஒன்பது மணி பஸ் போன பிறகு கிளம்பினோம். நான் முன்னால் நடந்தேன், மேனேஜர் கடைசியில் காரில் வந்தார். குழாயடி வளைவு திரும்பியதும் நின்றுவிட்டேன்.

ரோடு இல்லை. குழாயடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ராகிக் கதிர். செம்பழுப்பாக, பாய் விரித்த மாதிரி. இரண்டு பக்கமும், கதிரைப் புரட்டுகிற கவைக்குச்சியோடு ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் என் அம்மா, எண்ணெய் வைத்துத் தலைவாரிக்கொண்டு.

எங்கள் மலையில் முன்பெல்லாம் கதிரைப் பாறையில் போட்டு நாள்கணக்கில் தடியால் அடித்து மணியை உதிர்ப்பார்கள். தார் ரோடு வந்த பிறகு ரோட்டில் பரப்பிவிட்டு, ஏதாவது சக்கரம் ஏறாதா என்று காத்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்குச் சக்கரம் என்றால் அந்த பஸ்தான், ஒரு நாளைக்கு இரண்டு முறை. அதனால் யார் கதிர் என்றைக்கு ரோட்டில் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்காகச் சண்டையும் போட்டிருக்கிறார்கள். இருபது சைக்கிள், நாற்பது சக்கரம், மத்தியானம் வரை மேலும் கீழுமாக ஓடும் என்று நான் சொன்னது அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அந்த வளைவில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. முறையை விட்டுவிட்டு, ஊரில் எல்லோருமே கதிரைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

அவர்கள் தப்பு அது. என் தப்பு அதைவிடப் பெரியது. பதினைந்து வருடம் ஒவ்வொரு தையிலும் அந்த ராகியை ஒதுங்கி ஒதுங்கி அந்த ரோட்டில் நடந்தவள் நான். பாதையை அளக்கப் போனது ஆவணியில். கையில் காகிதமும் எலுமிச்சம்பழமும் வந்ததும், எனக்கும் அது வெறும் ரோடாகத் தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கோடு போட்டவரை எவ்வளவு ஏளனமாக நினைத்தேனோ, அதே ஏளனத்துக்கு நானும் உரியவள்தான் என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. அதை இங்கே எழுதிவிடுவதுதான் முறை.

"ஏனுங்க நிக்கிறீங்க? ஓட்டுங்க சாமி, அப்பிடியே மேல ஏத்தி ஓட்டுங்க," என்றாள் அம்மா, விருந்துக்கு வந்தவர்களைப் பந்திக்கு அழைப்பதுபோல.

வேண்டாம், வழுக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பயிற்சி எடுத்த பையனின் அப்பா, "கமான், காட்டு," என்று அவன் முதுகில் தட்டினார். பையன் வேகமாக வந்தான். பஸ் ஏறிய இடத்தில் மணி உதிர்ந்து, தாரின் மேல் கடுகு கொட்டிய மாதிரி கிடந்தது. சின்னச் சக்கரம் அதில் ஏறியதும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், பையன் கதிர் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அடி படவில்லை. மெத்தையில் விழுந்த மாதிரிதான். பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தப் பெண்குழந்தை சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டது.

"அந்தப் புள்ளைக்கு ரோடு தெரியுது பாரு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. உட்கார்ந்த இடத்தில் பையன் ராகியை இரண்டு கையாலும் அள்ளி மேலே வீசினான். மணி அவன் தலையில் கொட்டியது. அவன் அப்பா போனை எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை, இன்னும் உயரமாக என்றார். பையன் வீசினான். மற்ற குழந்தைகளும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவர்கள் வீசிய ராகி ரோட்டுக்கு வெளியே புல்லிலும் மண்ணிலும் போய் விழுந்தது. பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஒருவரும் அதட்டவில்லை. வந்தவர்கள் குழந்தைகள், வந்தவர்கள் பணக்காரர்கள், அதோடு என் விருந்தாளிகள். அம்மா குனிந்து புல்லில் விழுந்ததைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

நான் போய்ப் பையனின் மணிக்கட்டைப் பிடித்தேன். "கீழ போடு கண்ணு. இது சோறு," என்றேன். அவன் உடனே போட்டுவிட்டான். குழந்தைகளுக்குச் சொன்னால் புரிகிறது. அவன் அப்பாதான் போனை இறக்காமல், என் கையை எடுக்கும்படி சொன்னார்.

அதற்குள் மேனேஜர் காரிலிருந்து இறங்கி வந்துவிட்டார். ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, ரோடு பூரா குப்பை?"

"குப்பை இல்லீங்க. ராகி."

"எதுவா இருந்தா என்ன. பத்து நிமிஷத்துல அள்ளச் சொல்லு. உங்க ஆளுங்கதானே, நீ சொன்னா கேப்பாங்க."

கேட்டிருப்பார்கள். அதுதான் விஷயம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா முதலில் அள்ளியிருப்பாள், மற்றவர்கள் பின்னால் அள்ளியிருப்பார்கள். படித்த பிள்ளை சொல்கிறது, அதன் வேலை போய்விடும் என்று விடிந்ததிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து பரப்பியதை மறுபடி தலைச்சுமையாகக் கொண்டுபோயிருப்பார்கள். அம்மா கவைக்குச்சியை ஊன்றிக்கொண்டு என் வாயைத்தான் பார்த்தாள். அவளுக்கு அவர் சொன்ன தமிழ் நன்றாகவே புரிந்திருந்தது.

"இன்னைக்கு இந்தப் பாதை குழந்தைங்களுக்கு ஆகாதுங்க. அறுப்பு முடிஞ்சு மாசிக்கு மேல கூட்டிட்டு வாங்க," என்றேன்.

அள்ளச் சொல்லாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். சரி என்றேன். அவர் இன்னொரு முறை சொன்னார், எனக்குப் புரியவில்லை என்று நினைத்திருக்கலாம். இன்னொரு முறை சரி என்றேன்.

அவர்கள் திரும்பிப் போக அரை மணி நேரம் ஆனது. இருபது சைக்கிள்களையும், ஓட்டத் தெரியாத அப்பாக்களையும், ஓட்ட விரும்பிய பிள்ளைகளையும் அந்த வளைவில் திருப்புவது லாரி திருப்புவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கவசங்களைக் கழற்றி மூட்டை கட்டினார்கள். பயிற்சி எடுத்த பையனின் அப்பா எடுத்த வீடியோவில் மட்டும் எல்லாம் நன்றாக வந்திருந்ததாம். அந்தப் பெண்குழந்தை போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டியது. தலைமுடியில் இரண்டு ராகி மணி ஒட்டியிருந்தது.

அம்மா கதிரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அதுங்க ஏறியிருந்தாலும் ஒரு படி உதுந்திருக்காது கண்ணு," என்றாள். "ஒண்ணுலயாவது கனமிருக்கா? காத்தடிச்ச பொம்மைங்களாட்ட."

"தெரியாம சொல்லிட்டேன்."

"உன் வேல போயிருச்சா?"

"போயிருச்சு."

"அப்ப உன் சைக்கிள எடுத்தா," என்றாள்.

எடுத்துக்கொண்டு வந்தேன். அரசாங்கத்துச் சைக்கிள், இரும்பு என்றால் இரும்பு. பின்னால் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கை வைத்து அப்பா கயிறு போட்டுக் கட்டினார். குழாயடியிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து குழாயடி. கதிர் மேல் ஓட்டுவது மணலில் ஓட்டுவதுபோல, தொடை கழன்றுவிடும். இரண்டு முறை விழுந்தேன். ஊரே பார்த்துச் சிரித்தது. எலுமிச்சம்பழம் உருட்டினதுக்கு இது தேவலை என்று யாரோ சொன்னார்கள். இந்த முறை திரும்பிப் பார்த்து நன்றாகத் திட்டினேன். என் சக்கரத்தில் உதிர்ந்தது கொஞ்சம்தான். நான்கு மணிக்கு பஸ் வந்தது. டிரைவர் பழகியவர். ரோடு முழுக்க நிறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்து இடது ஓரமாக ஏற்றிப் போனார். பள்ளிக்கூடத்தில் திருப்பி வலது ஓரமாக ஏற்றி வந்தார். நான் நாள் முழுக்கச் செய்யாததை அது இரண்டு ஓட்டத்தில் செய்தது.

மறுநாள் விடுதிக்குப் போய், என் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கினேன். ஜெனரேட்டர் அறையில் அந்தத் தகரப் பலகை சுவரைப் பார்த்தபடி சாத்தியிருந்தது. அதையும் கேட்டேன். இனி எதற்கு என்று கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் நாமக்கல்லில் பில் போடுகிறேன், சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருகிறேன். பலகை எங்கள் வீட்டில் ராகி டிரம்முக்கு மூடியாக இருக்கிறது. அம்மா எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படிதான் மூடுவாள். அப்பா ஒரு முறை அதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். இடைஞ்சல் இல்லை என்ற கடைசி வரி வந்ததும் நிறுத்திவிட்டு, அரிவாள் முனையால் அந்த ஒரு வரியை மட்டும் சுரண்டி எடுத்தேன். மற்றதெல்லாம் உண்மை. ஏற்ற இறக்கம் இல்லைதான்.